தரையில் வைக்காத தூளி

குழந்தை குறுக்கே கிடந்தது. பிரசவ வலியோடு வந்தவளின் வயிற்றில் கை வைத்துப் பார்த்ததுமே ஆபரேஷன்தான் என்று தெரிந்துவிட்டது. மலைமேல் நர்ஸாக நான் இருக்கும் மருந்தகத்தில் ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும்தான். ஜீப் வரும் சாலை ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கே போக முடியாது. காட்டு நிலத் தகராறில் இந்த ஊரும் அக்கரை ஊரும் மாறிமாறிக் கூரைகளை எரித்திருந்தன. ஓடையைத் தாண்டினால் சுடுவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இருந்தும் மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி அவளை ஏற்றினார்கள். முன்னால் புருஷன், பின்னால் அவள் அண்ணன்.

"மச்சான், ஆட்டாம நட."

"உன் தங்கச்சி கனத்துக்கு நான் நடக்கறதே பெருசு."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன்," என்றது தூளி. "எறங்கினதும் பேசிக்கறேன்."

நோயாளியைத் தூக்கிவிட்டால் போய்ச் சேரும்வரை தரையில் வைக்க மாட்டார்கள். வழியில் இறக்கி வைப்பது பிணத்தைத்தான். இந்த மலையில் எல்லா ஊரிலும் அப்படித்தான்.

எதிர்க்கரையில் அந்த ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள்.

"கீழ வைங்கண்ணே, நான் பேசிட்டு வரேன்."

"வைக்க மாட்டோம் சிஸ்டர்."

தண்ணீரில் இறங்கிப் போய்க் கெஞ்சினேன்.

"அவனுங்க காலு இங்க படக் கூடாது. அவ்வளவுதான்," என்றார் அவர்களில் பெரிய மீசை வைத்திருந்தவர்.

எத்தனையோ பேரைப் பேசியே சம்மதிக்க வைத்திருக்கிறேன். அன்று எதுவும் எடுபடவில்லை. தாயா பிள்ளையா என்று மனம் அதற்குள் கேட்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் கேள்வியை வெறுத்தேன். ஆனாலும் அது போகவில்லை.

மீசைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். புருஷனின் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"டேய், மடியுது பாரு. வெச்சுடப் போறான்!"

துப்பாக்கியைப் பக்கத்தில் நின்றவன் கையில் திணித்துவிட்டு ஓடையில் இறங்கினார். பின்னாலேயே இன்னொருவன், அண்ணன் பிடித்திருந்த முனைக்கு.

"அவசரப்படாதே. நான் தோள் குடுத்ததும் நகரு... ம், இப்ப விடு."

"நானும் வரேன் மாமா," என்றான் புருஷன்.

சண்டைக்கு முன்னால் கூப்பிட்ட உறவு அது. தானாக வந்துவிட்டது போல. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"வந்து தொலை. வழுக்கி விழுந்து எனக்கு இன்னொரு தூளி கட்ட வைக்காதே."

ஆஸ்பத்திரி நடைபாதையில் பினாயில் வாடை. கதவுக்குப் பின்னால் குழந்தை அழுதது. தாயும் நன்றாக இருக்கிறாள் என்று டாக்டர் வந்து சொன்னதும் புருஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நிலத்தகராறு மட்டும் அப்படியே இருந்தது. திரும்பிப் போகும்போது அவனை ஓடை தாண்ட விடுவார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

பெஞ்சில் இருந்த மீசைக்காரரிடம் போனேன். கண்ணீர்தான் வந்தது.

"அழுதது போதும் சிஸ்டர். தோள் வலிக்குத் தைலம் ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. அவர் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். மூங்கில் அழுத்திச் சிவந்திருந்த இடத்தில், என் கையாலேயே, மெதுவாகத் தேய்த்துவிட்டேன்.