கொதிக்காமல் மலையேறிய கார்

சந்தவாசலில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சிங்காரத்துக்கு 1984-ம் வருஷம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேல்கூரை இல்லாத பழைய சீமைக் கார். ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்த ஒருவர், மகன் வெளிநாட்டோடு தங்கிவிட்டான், கொட்டகையில் இடம் வேண்டும் என்று சொல்லி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

சிங்காரம் அதை ஓடவைத்தான். அதோடு நின்றிருக்கலாம். உடைத்துப் போட்ட டீசல் ஜெனரேட்டர் ஒன்றிலிருந்து புளோயரைக் கழற்றி அதில் பூட்டினான். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிப்பதுதான் புளோயரின் வேலை. காற்று கூடினால் பெட்ரோல் கூட எரியும், வேகம் வரும். கூடவே சூடும் வரும். சிங்காரத்துக்கு இது தெரியாததல்ல. வேகத்தை முதலில் பார்த்துக்கொள்வோம், சூட்டைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று இருந்தான்.

அந்த வைகாசியில் வேலூர் மோட்டார் சங்கம் ஒன்று ஜவ்வாது மலையில் போட்டி அறிவித்திருந்தது. அடிவாரத்திலிருந்து ஜமுனாமரத்தூர் வரை ஒவ்வொரு காராக ஏற வேண்டும். குறைந்த நேரத்தில் ஏறுகிறவருக்குக் கோப்பை. கூட ஒருவர் உட்காரலாம். சிங்காரம் மனைவி அம்சவல்லியை உட்காரச் சொன்னான்.

"எனக்கு இன்னா தெரியும் வண்டிய பத்தி?"

"ஒண்ணும் தெரிய வேணாம். இந்தச் சூட்டு முள்ள மட்டும் பாத்துக்கினு இரு. நான் பாத்தா ஆக்சிலேட்டர்லேந்து கால் தானா எழும்பிடுது."

சித்திரை வெயிலில் பழகப் போனார்கள். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது அம்சவல்லி "முள்ளு செவப்புல நிக்குதுங்க" என்றாள். சிங்காரம் காலை எடுக்கவில்லை. அடுத்த நிமிஷம் பானட்டுக்கு மேலே சாலை தெரியாத அளவுக்கு ஆவி வந்தது.

வளைவுக்கு மேலே அம்மாக்கண்ணு என்ற மலைக்காரியின் நிலம் இருந்தது. கீழே ஊற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீரில் ஒரு குடம் கொடுத்தாள். சூடு தணிந்ததும் அதை ஊற்றிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த முறையும் அதே வளைவில் கொதித்தது. அடுத்த முறையும்.

"இன்னா தம்பி, மறுபடியுமா?"

"ஒரு குடம் தண்ணிக்கா."

"எங்கிட்ட மாடு ரெண்டு கீது. ரெண்டும் சேந்து குடிக்கிறத உன் வண்டி ஒண்ணே குடிக்குது. மாடாவது ஏர் ஓட்டுது. இது இன்னா பண்ணுது?"

"மலை ஏறுது."

"எங்க ஏறுது? இங்கதான நிக்குது."

அம்மாக்கண்ணு, ஊற்று வற்றிக்கொண்டு வருகிறது, இனி மாட்டுக்குத்தான் தண்ணீர் என்று சொல்லிவிட்டுச் சாமை புடைக்கப் போனாள்.

தண்ணீர் கிடைத்தபோதெல்லாம் சிங்காரம் ஊற்றினோமா, போனோமா என்று இருந்தான். அன்றைக்குக் கார் தானாக ஆறும்வரை எதிரே உட்கார்ந்து அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. முன்பக்கம் தட்டு அகலத்துக்கு இரண்டு விளக்குகள். அவற்றுக்கு நடுவே 'சிங்காரம் மோட்டார்ஸ்' என்ற பலகை. இவற்றுக்குப் பின்னால்தான் ரேடியேட்டர் இருந்தது. காற்று அதற்குப் போக வேண்டுமானால் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

"லைட்ட எடுத்துட்டா இன்னா?" என்றாள் அம்சவல்லி.

"மூஞ்சியே இல்லாத மாதிரி இருக்கும்."

"ரேஸு பகல்லதான?"

அன்று சாயங்காலமே விளக்குகளும் பலகையும் இறங்கின. பலகையை மட்டும் அவன் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

மறுநாள் ரேடியேட்டரைச் சுற்றி நூல் துண்டுகளைக் கட்டினான். அம்சவல்லியைப் படவேட்டுச் சாலை ஓரத்தில் நிற்கவைத்து, அவளைத் தாண்டி ஓட்டிப் போய்த் திரும்பி வந்தான்.

"நூல் எந்தப் பக்கம் பறக்குது?"

"உள்ள போவல. ரெண்டு பக்கமும் சந்துல பூந்து போவுது."

காற்றும் ஆளைப்போலத்தான், சுலபமான வழி இருந்தால் அதில்தான் போகும். எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கிச் சந்துகளை எல்லாம் அடைத்தான். உள்ளே போன காற்று வெளியே வர பானட்டில் வரிசையாக வெட்டுப் போட்டான். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. குக்கர் ரப்பர் போனதுபோல அழுத்தம் நிற்காமல் தண்ணீர் சீக்கிரம் கொதித்திருக்கிறது. புது மூடி போட்டான். கடைசியாக, மனசில்லாமல், புளோயரின் பெல்ட் ஓடும் புல்லியைப் பெரிதாக மாற்றி அதன் சுழற்சியைக் குறைத்தான். வேகம் கொஞ்சம் போகும். சூடு நிறையப் போகும்.

இன்னொன்றும் இருந்தது. சீமைக் குளிருக்காகக் காருக்குள் ஹீட்டர் வைத்திருந்தார்கள். அதையும் திறந்துவிட்டால் என்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாகக் கழியும்.

"சித்திரை மாசத்துல ஹீட்டரா?"

"சூட்ட கொஞ்சம் நம்ம பக்கம் வாங்கிக்கலாம்."

"நம்ம பக்கம்னா என் கால் பக்கம்" என்றாள் அம்சவல்லி. அன்றிலிருந்து சீட்டில் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அடுத்த ஓட்டத்தில் கார் அந்த வளைவில் நிற்கவில்லை. ஆனால் மேலே போகப் போக, விடாமல் மிதித்தால் முள் மறுபடி ஏறத் தொடங்கியது. இதற்குமேல் கழற்றவோ மாட்டவோ எதுவும் இல்லை. மிச்சம் இருந்தது சிங்காரத்தின் கால் ஒன்றுதான். இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவள் 'ஏறுது' என்றால் அவன் காலைத் தளர்த்தி மேல் கியருக்கு மாற்ற வேண்டும். 'எறங்குது' என்றால் மறுபடி மிதிக்கலாம். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது.

போட்டியன்று வேலூர் பாண்டுரங்கன் சிவப்புக் காரில் முதலில் ஏறினார். ரொம்பக் குறைந்த நேரத்தில் ஏறிவிட்டதாகக் கீழே சொன்னார்கள். அடுத்து ஏறிய யாரும் அதை நெருங்கவில்லை. சீட்டுக் குலுக்கியதில் கடைசி முறை சிங்காரத்துக்கு விழுந்திருந்தது.

முதல் பாதி வரை அம்சவல்லி வாய் திறக்கவில்லை. பிறகு "ஏறுது" என்றாள். சிங்காரம் காலைத் தளர்த்தினான். மனசு கேட்கவில்லை, ஆனால் தளர்த்தினான். புளியமரங்கள் மெதுவாகப் பின்னால் போயின. நடந்து போகிறவர்கள் முந்திவிடுவார்கள் என்று தோன்றியது. "எறங்குது" என்றதும் மிதித்தான். இப்படி இரண்டு மூன்று முறை. கடைசி ஏற்றத்தில் அவள் எதுவும் சொல்லவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாக மிதித்தான். கார் ஜமுனாமரத்தூர் முடிவுக்கோட்டைத் தாண்டியது.

தாண்டியது, ஆனால் நிற்கவில்லை. அங்கே மாலையோடு காத்திருந்தவர் செங்கத்து மணிலாக்கொட்டை மண்டிக்காரர், அன்றைய சிறப்பு விருந்தினர். கார் அவரை மெதுவாகக் கடந்து காவலூர்ச் சாலையில் போய்க்கொண்டே இருந்தது. பிரேக் போய்விட்டது என்றார் ஒருவர். பிரேக் போனால் இவ்வளவு மெதுவாகவா போகும் என்றார் இன்னொருவர்.

மிதித்த மிதியில் சட்டென்று நிறுத்தினால் தண்ணீர் ஓட்டம் நின்று, தேங்கிய சூடு என்ஜினைப் பிளந்துவிடும். சூடு இறங்கும்வரை காற்று வாங்கிக்கொண்டு மெதுவாக ஓட்ட வேண்டும். இதைச் சங்கத்தாரிடம் முன்கூட்டிச் சொல்ல சிங்காரத்துக்குத் தோன்றவில்லை.

காவலூர்ச் சாலையில் நிழல் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

"கடைசி ஏத்தத்துல முள்ளு ஏறலியா?"

"ஏறிச்சு."

"எவ்ளோ?"

"செவப்பு வரைக்கும்."

"சொல்லவே இல்லியே?"

"சொன்னா கால எடுத்துருவீங்களே" என்றாள் அம்சவல்லி. முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க வியர்வை. இந்தக் கோப்பையை அவள் இவ்வளவு விரும்பியிருக்கிறாள் என்பது சிங்காரத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபப்படலாமா என்று யோசித்தான். வரவில்லை.

முள் நடுவுக்கு இறங்கியதும் திரும்பினார்கள். ஜமுனாமரத்தூரில் மாலை பாண்டுரங்கன் கழுத்தில் இருந்தது. விருந்தினருக்குச் செங்கத்தில் ஒரு கல்யாணம். ஓடிப்போன ஆளுக்காக எவ்வளவு நேரம்தான் நிற்பது என்று கேட்டு, பக்கத்தில் நின்றவருக்குப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சங்கச் செயலாளர் நேரம் குறித்த இரண்டு கடிகாரங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, சிங்காரம்தான் முதல் என்று அறிவித்தார். கோப்பையை அம்சவல்லி வாங்கிக்கொண்டாள். பாண்டுரங்கன் கௌரவமான மனிதர். மாலையைக் கழற்றப் போனார்.

"இருக்கட்டுங்க, போட்டத கழட்டாதீங்க" என்றாள் அம்சவல்லி. "உங்க வண்டி ஏன் பொகையுது?"

பாண்டுரங்கன் முடிவுக்கோட்டைத் தொட்டவுடன் நிறுத்தி, என்ஜினையும் அணைத்திருந்தார். அப்போது எழுந்த ஆவி இன்னும் அடங்கவில்லை. சிங்காரம் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தான். தண்ணீர் கலந்து எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தது.

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுங்க. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டாந்துடலாம். கயிறு வெச்சிருக்கேன்."

மலையிறங்கும்போது முன்னால் சிங்காரத்தின் கார், பின்னால் கயிற்றில் பாண்டுரங்கனின் சிவப்புக் கார். மாலையோடு ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தார் பாண்டுரங்கன். வழியில் நின்ற ஜனங்கள் ஜெயித்தவர் அவர்தான் என்றும், முன்னால் போவது அவரை இழுக்க வந்த வண்டி என்றும் நினைத்துக் கைதட்டினார்கள். முதல் இரண்டு ஊரில் அவர் இல்லை, இல்லை என்று தலையசைத்து முன்னால் கை காட்டினார். ஜனங்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். மூன்றாவது ஊரிலிருந்து கையாட்டத் தொடங்கினார்.

அம்சவல்லி திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா கையாட்டுறாருங்க."

"ஆட்டட்டும். ஒரு கை ஸ்டியரிங்ல கீதான்னு பாரு" என்றான் சிங்காரம்.