குழியை மூட வந்தவர்கள்

இருட்டுப் பிரியாத மலையில் கோகிலா மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கட்டிய டோர்ச் வெளிச்சத்தில், நேற்றைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை உரித்துக் கூடையில் போட்டாள். கத்தியைச் சரித்துப் பிடித்துப் பட்டையை மெல்லிசாக ஒரு சீவு சீவினாள். இறப்பர் பால் கோடு பிடித்து இறங்கித் தேங்காய்ச் சிரட்டையில் சொட்டியது. காலில் அட்டை, கழுத்தில் கொசு. அதையெல்லாம் தட்டிவிட நின்றால் வெயில் ஏறிவிடும். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். பத்து மணிக்குச் சங்கு ஊதியதும் வாளியோடு ஓடி, உறைவதற்குள் எல்லாச் சிரட்டையையும் காலி செய்தாக வேண்டும். யார் வீட்டில் என்ன துக்கம் என்று பால் காத்திருக்காது.

அவள் வீட்டில் துக்கத்துக்குக் குறைவில்லை. புருஷன் கன்னையா கேகாலைச் சிறையில் விளக்கமறியலில் கிடந்தான். சொந்த வீட்டு அத்திவாரத்தைத் தோண்டியது அவன் செய்த குற்றம்.

அதை வீடு என்று சொன்னவர் அமைச்சர். லயத்து ஒற்றை அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்த தோட்டக் குடும்பங்களுக்கு அரசாங்கப் பணத்தில் கட்டிக் கொடுத்தார். கட்டுகிற கொந்தராத்தைத் தன் மச்சானுக்குக் கொடுத்தார். திறப்பு விழாவில் பாற்சோறு, பட்டாசு, மாலை, பேச்சு, எல்லாம் அமோகமாக நடந்தன. கார்த்திகை மழை இறங்கியதும் கோகிலா வீட்டுப் பின்சுவர் அப்படியே சரிந்து, அவள் தங்கை சுகந்தினியின் காலை நசுக்கியது. அமைச்சரின் பெயரைச் செதுக்கிய பளிங்குக்கல் மட்டும் கீறல் விழாமல் நின்றது. அதற்கு மட்டும் நல்ல சீமெந்து போட்டிருந்தார்கள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனை போடும்போது நவதானியமும் மஞ்சளும் ஒரு காசும் போட்ட சின்ன மண்பானையை அத்திவாரக் குழியின் மூலையில் புதைப்பார்கள். வீட்டில் இரத்தம் விழுந்தால் அந்தப் பானையை எடுத்து ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் வீடு இன்னொரு ஆளைக் கேட்கும். அதற்காகத்தான் கன்னையா மண்வெட்டி எடுத்தான். கொங்கிரீட்டை உடைக்க ஆளுயர இரும்பு அலவாங்கும் கொண்டுபோனான். அதற்கு வேலையே வரவில்லை. பூப்பாத்தியில் இறங்குவது போல மண்வெட்டி இறங்கியது. நாலு கருங்கல், அதற்கு மேல் சுவர். கம்பியும் இல்லை, கொங்கிரீட்டும் இல்லை. மூலையில் பானை நசுங்காமல் இருந்தது.

"இத்தன நாளா சாமி புண்ணியத்துலதான் வீடு நின்னிருக்கு!" என்று கன்னையா வாய் பிளந்தான்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் ஸ்ரீதரன், 'ஏழாவது கண்' வாரப் பத்திரிகையின் நிருபன். பேச்சில் தேன் ஒழுகியது. "அக்கா, ஒங்க கஷ்டத்த நாடே பாக்கணும்" என்றான். கோகிலா அவனுக்குப் பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொடுத்தாள்.

"அண்ணே, பானையக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. மூஞ்சி தெரியட்டும்."

கன்னையா தயங்கினான். "புடிங்க, தம்பி நல்லதுக்குத்தானே கேக்குது" என்றவள் கோகிலாதான். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் கன்னையா பானையோடு நின்றான். 'புதையலுக்காக வீட்டை இடித்த கும்பல்! நரபலிக்கு மச்சினியா?' கேள்விக்குறி போட்டுவிட்டால் எந்தப் பொய்யும் பொய்யாகாது என்பது அந்தப் பத்திரிகையின் வேதம். கடைசிப் பக்கம் முழுக்க அமைச்சருக்குப் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம். முதல் பக்கத்தின் கூலி கடைசிப் பக்கத்தில் வந்திருந்தது. புதையல் தோண்டினான் என்று திங்கட்கிழமை பொலிஸ் வந்து கன்னையாவை அள்ளிக்கொண்டு போனது.

கேகாலைச் சட்டத்தரணி றஹீமா கோகிலாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார். "வெள்ளிக்கிழம நீதவான் நேர்ல வந்து பாக்கப் போறார். அந்தக் குழி அப்புடியே இருக்கணும். அத்திவாரம் இல்லாம சொவரு தானா விழுந்ததுக்கு அதுதான் சாட்சி. குழி போனா கேஸும் போச்சு."

இன்று வியாழக்கிழமை. பத்து மணிச் சங்கு ஊதியது. கோகிலா வாளியைத் தூக்கினாள். கீழே புது வீடுகள் பக்கம் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் உறுமியது. அவளுக்கு உடனே புரிந்துபோனது. பாலெடுக்கும் நேரத்தில் வீட்டுப் பக்கம் ஈ காக்கை இருக்காது என்பது தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குத் தெரியும். நேரம் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்.

வாளியைத் தூக்கி எறிந்துவிட்டு மலை அதிரக் கத்தினாள். "குழிய மூட வந்துட்டானுங்க! பால் கெடக்கட்டும், எறங்குங்க!"

ஒருத்தரும் அசையவில்லை. பாலைக் கொண்டுபோய் நிறுக்காவிட்டால் அன்றைக்கு வேலைப் பதிவில் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. பக்கத்து நிரையில் பால் வெட்டும் சோமலதா, கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண், முதலில் வாளியைக் கீழே வைத்தாள்.

"மமத் எனவா, கோகிலா. நானும் வாறது."

இந்த வீடுகளில் ஒரு செங்கல்கூட அவளுக்குச் சொந்தமில்லை. அவளே இறங்கின பிறகு நின்றுகொண்டிருக்க மற்றவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. வாளிகளை வைத்துவிட்டு மலையே திமுதிமுவென்று இறங்கியது.

பெக்கோவின் கை மண்ணை அள்ளித் தூக்கியிருந்தது. துரை குடையோடு நின்றார். கமராவோடு ஸ்ரீதரனும் நின்றான். கோகிலா ஓடிவந்த வேகத்தில் குழிக்குள் குதித்தாள். பின்னாலேயே சோமலதாவும் குதித்தாள்.

"ஏய், வெளிய வா! புள்ளைங்க விழுந்துரும்னுதான் மூடச் சொல்லியிருக்கு" என்றார் துரை.

"சொவரு விழுந்து என் தங்கச்சி காலு போனப்ப இந்த அக்கற எங்கங்க இருந்துச்சு?"

"இது அமைச்சர் ஐயாவோட உத்தரவு."

"அவரு பேரு போட்ட கல்லு அந்தா நிக்கிது. அதுக்கு அடியில எவ்வளவு சீமெந்துன்னு தோண்டிப் பாப்பமாங்க?"

துரை அவளை விட்டுவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பால் ஒறையுது! இங்க நிக்கிற ஒருத்தருக்கும் இன்னைக்குப் பேர் இல்ல."

"ஒறையட்டுங்க" என்றார் தொழிலாளர்களின் தோட்டத் தலைவர் இராமசாமி. திறப்பு விழாவில் அமைச்சருக்கு ஆளுயர மாலை போட்டவர் அவர்தான். "நீதவான் வந்து பாக்குற வரைக்கும் ஒரு மரத்துலயும் கத்தி படாது."

துரை பெக்கோக்காரன் அப்லாலைப் பார்த்து, "கொட்டு!" என்று கத்தினார். அப்லால் குழியை எட்டிப் பார்த்தான். "உசிரோட நிக்கிற ஆளுங்க மேல மண் கொட்ட ஏலாது சேர்" என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்தினான்.

கோகிலா குழிக்குள் நின்றபடியே ஸ்ரீதரனைக் கண்ணால் தேடிப் பிடித்தாள். "வா தம்பி. இப்ப எடு போட்டோ. எல்லார் மூஞ்சியும் தெரியட்டும்."

ஸ்ரீதரன் துரையைப் பார்த்தான். கமராவைப் பைக்குள் போட்டான். வெட்கம் வந்து போட்டான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் படத்துக்குக் கடைசிப் பக்கத்தில் விளம்பரம் கொடுக்க ஆள் இல்லை.

துரையின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ஸ்ரீதரனும் அதில் ஏறிக்கொண்டான். பொலிஸோடு திரும்பி வருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மேற்கே வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. நல்ல மழை பெய்தால் குழி தானாகவே தூர்ந்துவிடும். இராமசாமி விழா மேடைக்கு மேலே மழைக்குக் கட்டிய படங்கைத் தேடிக் கொண்டுவந்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் குழிக்கு மேலே விரித்தார்கள். உள்ளே நின்ற கோகிலா நடுவில் அலவாங்கை நட்டுத் தூக்கிக் கொடுத்தாள். கொங்கிரீட் உடைக்கக் கன்னையா கொண்டுவந்த அலவாங்கு. அதற்கு இன்றைக்குத்தான் வேலை வந்திருக்கிறது.

முதல் துளிகள் படங்கில் விழுந்தன. மேலே மலையில் சிரட்டை சிரட்டையாகப் பால் உறைந்துகொண்டிருந்தது. எடுக்க ஒருவரும் போகவில்லை.