றொனால்ட்டின் இடது கண்

செட்டிபாளையத்து றொனால்ட்டும் அவர் மனைவி டினுஷாவும் ஒரே தோணியில்தான் வாவிக்கு இறால் பிடிக்கப் போவார்கள். அவர் வலை வீசுவார். அவள் கம்பு ஊன்றித் தோணியைச் செலுத்துவாள்.

மழை விட்ட வாரம் றொனால்ட்டின் இடது மேலிமையில் கண்கட்டி ஒன்று வந்தது. டினுஷாவுக்கும் முன்பொரு தரம் வந்ததுதான். அப்போது டாக்டர் சொன்னபடி சுத்தமான துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்து ஒற்றிவர, அது தானாகவே உடைந்து ஆறியது.

"துணிய வச்சு ஒத்துங்க. கைய மட்டும் வச்சிராதீங்க," என்றாள்.

"ஓம், ஓம்," என்றார்.

ஒரு நாள் ஒற்றினார். மறுநாள் பொறுமை போய்விட்டது. இறால் அளைந்த கையைச் சரியாகக் கழுவாமலே கண்ணாடி முன் நின்று, இரண்டு நகங்களால் கட்டியைப் பிதுக்கினார். கொஞ்சம் சீழ் வந்தது.

"முடிஞ்சுது பாத்தியா?"

அடுத்த நாள் இமை முழுவதும் ஊதாவாக வீங்கியிருந்தது. கன்னம் வரை சிவந்திருந்தது.

"ஆசுப்பத்திரிக்குப் போவம்."

"இறால் படுற நேரத்தில ஆரும் ஆசுப்பத்திரிக்குப் போவாங்களா? பின்னேரம் பாப்பம்."

வாவி அன்று அசைவில்லாமல் கிடந்தது. கரையில் கொக்குகள்கூட இல்லை. நல்ல வெயிலிலும் றொனால்ட்டுக்கு உடம்பு நடுங்கியது. வலையை ஒரு முறை வீசியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டினுஷா, அந்தக் கம்பு ஏன் ரெண்டா நிக்குது?"

வாவியில் நட்டிருந்தது ஒரே ஒரு கம்புதான். அவள் கிட்டப் போய் விரலை அவர் முகத்துக்கு முன்னால் அசைத்தாள். வலது கண் விரலோடு நகர்ந்தது. இடது கண் பாதி மூடிய இமைக்குள் அசையாமல் நின்றது. பின்னாலிருந்து எதுவோ தள்ளுவதுபோல அது முன்னே பிதுங்கியிருந்தது.

டினுஷா வலைக் கயிற்றைக் கத்தியால் அறுத்துவிட்டு, தோணியைக் கரைக்குத் திருப்பினாள். கரைக்கு வரும் வழியெல்லாம் றொனால்ட் தோணிக்குள் சுருண்டு கிடந்து, செத்துப்போன தன் தாயோடு பேசிக்கொண்டு வந்தார். அவள் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓய்ந்துவிடும் என்று பயந்தாள்.

பட்டணத்து ஆசுப்பத்திரியில் பெண் டாக்டர் இமையை மெல்ல விரித்துப் பார்த்தார்.

"பிதுக்கினீங்களா?"

றொனால்ட்டுக்காக டினுஷாதான் தலையாட்டினாள்.

"கண்கட்டி எண்டா பெரும்பாலும் தன்பாட்டில மாறிரும். பிதுக்கினதால கிருமி உள்ளுக்குப் போயிருக்கு. காய்ச்சல் வந்து, கண் அசைக்க ஏலாமப் போனா ஒரு நிமிஷமும் சுணங்கக் கூடாது."

"கண் போயிருமா, டொக்டர்?"

டாக்டர் தாதியிடம் திரும்பி, சேலைனில் மருந்து ஏற்றச் சொன்னார். கண்ணுக்குப் பின்னால் சீழ் கட்டியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அன்றே கீறிச் சீழை வெளியேற்றினார்கள். சத்திரசிகிச்சை அறைக் கதவுக்கு வெளியே டினுஷா செபம் சொல்லத் தொடங்கினாள். பாதியில் வார்த்தைகள் மறந்துபோயின.

உயிருக்கு ஆபத்து நீங்கியது. கண்ணும் தப்பியது. கட்டு அவிழ்த்த அன்று றொனால்ட் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"புகைக்குள்ள நிக்கிற மாதிரி இரிக்கிறாய்."

பார்வை இன்னும் கொஞ்சம் திரும்பலாம், உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார் டாக்டர்.

டாக்டர் அனுமதித்த பிறகு அவர் மறுபடி தோணியேறினார். வீசிய வலை குறிவைத்த இடத்துக்கு எட்டாமல் விழுந்தது. இழுத்தெடுத்து மீண்டும் வீசினார். அதுவும் எட்டவில்லை. டினுஷா கம்பை ஆழ ஊன்றித் தோணியை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.