பகல் மூன்று மணி இருட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான்; என் தம்பி; அவன் மனைவி; பல் டாக்டரான அவர்கள் மகள்; கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் சங்கத்தின் செயலாளரான லிஃப்ட் மெக்கானிக்; சங்கத்தில் எல்லோரும் சுறா என்று கூப்பிடும் வளர்ப்பு மீன் கடைக்காரர். ஏழாவதாக யாரும் இல்லை. கதவைச் சாத்தியவன் நான். அன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் இப்போது பதினைந்து பேருக்குக் குறையாது என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

முப்பத்து நான்கு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் அப்பாவுக்கும் அதே வேலை. எங்கள் வீட்டில் ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதை வெளியார் மறுபடி நிறுத்துப் பார்த்ததில்லை. தம்பி மகள் விஷயத்தில்தான் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

அவள் வீட்டுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஆறடிக் கண்ணாடித் தொட்டி நிற்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகள், ஏழெட்டு மீன்கள். முக்கியமானவை மான் கொம்பு போலக் கிளைவிட்ட இரண்டு பவளங்கள். பவளம் கல் என்றுதான் அறுபது வயது வரை நினைத்திருந்தேன். அது ஆயிரக்கணக்கான சின்ன உயிர்கள் ஒட்டி உட்கார்ந்து கட்டிய வீடு. மேலே தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாய். கண் இல்லை, காது இல்லை, மூளை இல்லை, வாய் மட்டும்.

இந்தத் தொட்டிகளை வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு சங்கம். மாதம் ஒருமுறை கூடி, தங்கள் சாமான்களில் என்னென்ன மாற வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதுவார்கள். சத்தம் போடாத மோட்டார். தண்ணீரைச் சோதிக்கும்போது இது இளஞ்சிவப்பா ரோஜாவா என்று கண்ணைச் சுருக்க வைக்காத கருவி. ஆவியாகிப் போன தண்ணீரைத் தானே ஊற்றிக்கொண்டு, ஊற்றியது போதும் என்று தானே நிறுத்தவும் தெரிந்த குழாய். சத்தமில்லாத மோட்டார் தனக்கு வேண்டாம் என்பார் செயலாளர். இப்போதிருக்கும் மோட்டார் சத்தத்தில் மனைவி திட்டுவது காதில் விழாமல் குடும்பம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

பட்டியலின் கடைசி வரி மட்டும் வருடக்கணக்காக மாறாமல் இருந்தது: கடலில் உடைத்து எடுக்காமல் வீட்டிலேயே பிறந்த பவளம். எழுதிவிட்டு எல்லோரும் சிரிப்பார்கள். பவளம் முட்டை விடுவது வருடத்தில் ஓரிரு நாள்தான். முழு நிலவு கழிந்த சில நாட்களில், இருட்டி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள். வெயில் நீள்வதையும் தண்ணீர் சூடேறுவதையும் நிலவு வளர்வதையும் மாதக்கணக்காக உள்ளுக்குள் கூட்டிக்கொண்டே வந்து அது நாள் குறிக்கிறது. ஒரு வீட்டு அறையில் அதற்கு யார் நிலவு காட்டுவது?

இவள் காட்டினாள். ஒரு டைமர் பெட்டியில் வருடம் முழுவதற்குமான சூரியனையும் நிலவையும் எழுதி வைத்தாள். விளக்குகள் அதன்படி எரிந்து தணியும். இருபத்தொன்பது நாளில் வளர்ந்து தேயும் ஒரு நீல விளக்கும் உண்டு. பகலில் ஆஸ்பத்திரி வேலையும் ராத்திரியில் கண்விழிப்புமாக உடம்பு தாங்காது என்று, தொட்டியின் நாளையே திருப்பிப் போட்டாள். தொட்டிக்குள் பொழுது சாய்வது நமக்குப் பிற்பகல் ஒரு மணி. ஜன்னல்களில் கறுப்புத் துணி. டைமரின் கடிகாரம் ஊர் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருடம் சங்கத்தில் எழுந்து நின்று, கடைசி வரி நடக்கும், இந்தத் தேதியில் வந்து பாருங்கள் என்றாள். அதற்குப் பதினைந்து நாள் முன்பு தம்பி குடும்பம் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் வெளியூர் போனது. தொட்டிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எனக்கு. முதல் நாளே அந்தக் கடிகாரம் என் கண்ணில் பட்டது. ஐந்தரை மணி நேரப் பிசகு. வேண்டுமென்றே அப்படி வைத்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. தப்புக் காட்டும் கருவியைக் கண்டும் காணாமல் கடந்து போவது என் வாழ்நாளில் இல்லாத பழக்கம். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக வைத்தேன். செய்த வேலையில் எனக்குத் திருப்தி கூட.

திரும்பி வந்ததும் அவள் போன் செய்து, கரண்ட் ஏதாவது போயிருந்ததா என்று கேட்டாள். நான் மத்தியானம் தூங்குகிறவன்; போயிருந்தாலும் போயிருக்கும் என்றேன். அவள் கேட்டது மின்சாரத்தைப் பற்றி. கடிகாரத்தைப் பற்றி அல்ல. கரண்ட் போய் வந்தால் அந்தப் பெட்டி தானாகவே ஊர் நேரத்துக்குத் திரும்பிவிடும் என்பது எனக்குத் தெரியாது. பெட்டி ஊர் நேரத்தில் ஓடுவதைப் பார்த்துத்தான் அவள் கரண்ட் என்று நினைத்தாள்.

குறித்த நாளில் சங்கத்தார் பதினோரு பேர் வந்தார்கள். மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் கரண்ட் போனதில் தொட்டியின் நாள் கலைந்திருக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். அடுத்த கூட்டத்தில் சுறா எழுந்தார். பேருக்குப் பொருந்தாத கீச்சுக் குரல் அவருக்கு. மின்சார ஆபீசில் விசாரித்ததாகவும், அந்தத் தெருவில் அந்த இரண்டு வாரமும் ஒரு நிமிடம் கூடக் கரண்ட் போகவில்லை என்றும் சொன்னார். கடைசியில், "டாக்டரம்மா நல்லா ரீல் விடுறாங்க" என்றார்.

அவளோடு துணைக்குப் போய் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிடம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கலைத்தது கரண்ட் அல்ல, என் கை. எழுந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால், முப்பத்து நான்கு வருடம் முத்திரை குத்திய ஆய்வாளர் சரியான கடிகாரத்தைத் தப்பாக்கினார் என்று பதினோரு பேர் ஊர் முழுக்கப் பேசுவார்கள். குடும்ப மானம் என்று எனக்கு நானே பேர் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் கூட்டத்துக்கே போகவில்லை. கரண்ட் போகவில்லையென்றால் தன் கணக்கில்தான் பிழை என்று நம்பி, மாதா மாதம் அந்தக் கணக்கு எழுதிய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.

இந்த வருடம் அவள் இரண்டே பேரை அழைத்தாள்: செயலாளர், சுறா. இன்று நடந்து, இவர்கள் நம்பினால் சங்கத்தின் புத்தகத்தில் ஏறும்; மற்றவர்களும் இவள் முறையைப் பின்பற்றலாம்; கடலில் உடைப்பது குறையும். நம்பாவிட்டால் இனிமேல் வாயைத் திறக்கப் போவதில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள்.

மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினேன். சிவப்பு விளக்கு ஒன்று மட்டும்; அந்த வெளிச்சம் பவளத்துக்குத் தெரியாதாம். வெளியே தெருவில் யாரோ இரும்புக் கேட்டின் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் இருமியது. உள்ளே நல்ல ராத்திரி. முட்டைகளை உறிஞ்சிவிடக் கூடாது என்று அவள் மோட்டார்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். அப்போதுதான் அவற்றின் இரைச்சல் அதுவரை எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிந்தது. தண்ணீர் அசைவதை நிறுத்தியது.

தம்பி மனைவி மட்டும் மெதுவாக முனகினாள். "வீட்ல ஒரு வாளி மிச்சம் இல்ல. எல்லாத்துலயும் உப்பு."



மூன்று இருபதுக்குத் தம்பி மகள் என் கையைப் பிடித்துக் கண்ணாடியருகே இழுத்தாள். கிளை முழுவதும் ஒவ்வொரு வாயிலும் ஒரு முட்டை உருண்டை வந்து உட்கார்ந்திருந்தது. வெளியே வரவுமில்லை, உள்ளே போகவுமில்லை. மில்லிகிராம் எடைக்கற்களை இடுக்கியால் தூக்கி வாழ்ந்தவன் நான்; மனிதர் செய்த கற்களில் இரண்டு ஒன்றுபோல இருந்து பார்த்ததில்லை. இங்கே ஆயிரம் உருண்டைகள், ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகவில்லை. எல்லாம் எதற்கோ காத்திருந்தன. நாங்களும் காத்திருந்தோம்.

பிறகு கிளையின் நுனியில் ஒன்று விடுபட்டது. அது மெல்ல மேலே போயிற்று. அடுத்து நாலைந்து. பிறகு கிளை மொத்தமும் விட்டது. இரண்டாவது பவளம் மூன்றடி தள்ளி இருக்கிறது; அதைத் தொட்டுச் சொல்ல யாரும் இல்லை. அதுவும் அதே நிமிடத்தில் விட்டது. தொட்டியின் அடியிலிருந்து மேல்வரை உருண்டைகள் ஏறிக்கொண்டே இருந்தன. அவசரப்படவில்லை, ஒன்றையொன்று இடிக்கவில்லை. மேலே போய் இளஞ்சிவப்பாகப் படர்ந்து நின்றன. மழைக்கு முந்தின கடற்கரை வாசனை அறைக்குள் வந்தது.

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரத் தோன்றவில்லை. அலுவலகத்தில் பெரிய அதிகாரி வரும்போது கூட நான் அப்படி நின்றதில்லை. கண்ணும் இல்லாமல் மூளையும் இல்லாமல் ஒன்று வருடத்தை எண்ணி, மாதத்தை எண்ணி, நிமிடத்தை எண்ணி முடித்திருக்கிறது. அதன் கடிகாரத்தைத்தான் நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருத்தினேன்.

சுறா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியைத் தொட்டியில் ஒட்ட வைத்திருந்தார். இருபது வருடமாகப் பவளம் விற்கிறவர். "நான் இத்தன வருஷம் வித்ததெல்லாம்..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

அவள் ஒரு கிண்ணத்தால் மேற்பரப்பை வழித்து பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றினாள். உருண்டைக்குள் முட்டையும் விந்தும் உண்டு; இரண்டு பவளத்தினுடையதும் கலந்தால்தான் குஞ்சு உண்டாகுமாம். பல் பிடுங்குகிற கை, ஒரு சொட்டு சிந்தவில்லை. வேலை முடிந்து ஜன்னல் துணியை விலக்கியதும் பிற்பகல் வெயில் எல்லோருடைய முகத்திலும் அடித்தது. செயலாளர் சங்கப் புத்தகத்தை மடியில் விரித்தார். சுறா தொண்டையைச் செருமினார்.

"எழுதுங்க, நான் தடுக்கல. கண்ணால பார்த்தாச்சு. ஆனா போன வருஷம் கரண்ட் போச்சுன்னு சொன்னது பொய்தான? சங்கத்துல மத்தவங்க அதத்தான் கேப்பாங்க. ஒருதரம் பொய் சொன்னவங்க முறைய நம்பி யாரு ஒரு வருஷம் காத்திருப்பாங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. செயலாளரின் பேனா நின்றது. அவள் தலையைக் குனிந்து கிண்ணத்தைத் துடைத்தாள். தம்பி என்னைப் பார்த்தான். பெரியவன் ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்று பார்த்தான்.

"அவ பொய் சொல்லல" என்றேன். "கரண்ட் போகல. கடிகாரத்த மாத்தினது நான். தப்பா ஓடுதுன்னு நெனச்சேன். சங்கத்துல நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல. அதையும் எழுதிக்குங்க."

தம்பி சுவரைப் பார்த்தான். சுறா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள்தான் முதலில் பேசினாள். திட்டுவாள் என்று நிமிர்ந்து நின்றேன்.

"எத்தன மணிக்கு மாத்துனீங்க, பெரியப்பா?"

"காலைல பதினொன்னு இருபது. நீங்க கிளம்பின அன்னிக்கே."

நோட்டை எடுத்து, போன வருடத்துப் பக்கத்தில் அந்த நேரத்தை எழுதினாள். விரலை மடக்கி எதையோ எண்ணினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப என் கணக்கு சரிதான்" என்றாள், யாரிடமும் இல்லாமல். இன்னொரு முறையும் அதையே சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். சரி பெரியப்பா என்றாள். அதில் வருத்தம் இருந்தது, இருக்க வேண்டியதுதான்.

செயலாளர் எல்லாவற்றையும் எழுதினார். கூடவே பட்டியலில் ஒரு புது வரி சேர்த்தார்: டைமருக்குப் பூட்டுப் போட்ட மூடி. "பெரியவங்க கை படாததா இருக்கணும்" என்றார். தம்பி மனைவி சிரித்துவிட்டாள். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். குஞ்சுகள் ஒட்டுவதற்குத் தன் கடைப் பலகைகளைக் கொடுத்தார் சுறா. இன்றைக்கு இருநூற்றுப் பதினான்கு ஒட்டியிருக்கின்றன, ஒவ்வொன்றும் ஊசி முனை அளவு.

இப்போது சங்கத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. தம்பி மகளின் மானத்தைக் காப்பாற்றப் பெரியவர் செய்யாத தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று. என்மேல் உள்ள மரியாதையில் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. கடிகாரத்தை மாற்றியது நான்தான்.