செத்தவீட்டுச் சேலையும் நொபுகோவின் உப்பும்

சத்தியபாமாவின் தோளில் உப்பு விழுந்த செய்தி சிட்னி நார்த்மீட்டிலிருந்து பிளாக்டவுனுக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம் பிடித்தது. அதுவும் யோகாவின் நம்பரை இரண்டு தரம் பிழையாகச் சுழற்றியதால்தான். கோபத்தில் விரல் அவசரப்பட்டால் டெலிபோன் என்ன செய்யும்.

"உப்பை அள்ளி என்ர மேலில எறிஞ்சவள், யோகா. முன்னுக்கு எறிஞ்சு, பிறகு திரும்பச் சொல்லிப் பின்னுக்கும் எறிஞ்சவள். நான் என்ன கருவாட்டுக்கு வெட்டின மீனோ?"

"ஆர் அக்கா?"

"வேற ஆர். பக்கத்து வீட்டு யப்பான்காரி, நொபுகோ."

யோகா கொஞ்சம் யோசித்தாள். "உப்பெண்டால் செய்வினையாத்தான் இருக்கும். மிளகாயும் இருந்ததோ?"

"மிளகாய் இல்லை."

"அப்ப அரைவாசிச் செய்வினை."

"செய்வினையோ என்னவோ, அவள் வந்து மன்னிப்புக் கேட்காமல் நான் அந்த வேலிப் பக்கம் திரும்பியும் பாக்கமாட்டன்."

நியாயம் யார் பக்கம் என்று தெரிய வேண்டுமானால் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சத்தியபாமாவிடம் கேட்டுப் பயனில்லை. அவள் எப்போதும் தனக்கு அடிபட்ட இடத்திலிருந்துதான் கதையைத் தொடங்குவாள்.

அன்று திங்கட்கிழமை, எழுபத்தெட்டாம் ஆண்டு யூலை மாதம், அங்கே நடுக்குளிர்காலம். சிநேகிதர் தேவராஜாவின் தகப்பனாரை ரூக்வூட்டில் தகனம் செய்துவிட்டு, சத்தியபாமாவும் அவள் கணவர் கணேசலிங்கமும் காரில் வீடு திரும்பினார்கள். செத்தவீட்டுக்குப் போனவர்கள் முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஊரில் என்றால் கிணறு வெளியே, பிரச்சினை இல்லை. சிட்னியில் வீடு கட்டிய புண்ணியவான்களோ குளியலறையை வீட்டின் கடைசி மூலையில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அதற்குப் போவதென்றால் சாமி அலுமாரியைத் தாண்டித்தான் போக வேண்டும். கணேசலிங்கம் எஞ்சினியர் அல்லவா, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பின்வளவில் உடுப்புத் தோய்க்கும் கொட்டில் இருந்தது. அதற்குள் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒவ்வொருவராக முழுகிவிட்டு உள்ளே போவது.

முதலில் அவர் போனார். கேத்தல் கேத்தலாகத் தண்ணீர் கொதிக்க வேண்டும், அவர் பாடும் தேவாரமும் முடிய வேண்டும். சத்தியபாமா மெல்லிய வெள்ளைச் சேலையோடு வளவில் நின்றாள். காற்று எலும்பைத் தேடிப் பிடித்தது. வேலியில் இரண்டு பலகை கழற்றிய இடைவெளி ஒன்று உண்டு. நான்கு வருடமாக அந்த வழியால் கத்தரிக்காய்க் கறி அந்தப் பக்கமும், யப்பான் முள்ளங்கி இந்தப் பக்கமும் போய் வந்தன. அதற்கு அப்பால் நொபுகோவின் குசினி. குசினிக்குள் மண்ணெண்ணெய் ஹீட்டர்.

சத்தியபாமா வேலிக்குள்ளால் புகுந்து போனாள்.

நொபுகோ, லெஸ் என்ற வெள்ளைக்காரச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு ஐம்பத்து மூன்றாம் ஆண்டில் யப்பானிலிருந்து வந்தவள். அந்தத் தெருவில் சத்தியபாமாவை முதல்முதல் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தவளும் அவள்தான். அவள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே உயரமான தட்டொன்றில், வர்ணம் பூசாத மரத்தில் ஒரு சின்னக் கோயில் இருக்கும். உள்ளே விக்கிரகம் கிடையாது, ஒரு காகிதம் மட்டும். காலையில் சோறும் உப்பும் தண்ணீரும் வைத்து, இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கைதட்டி, இன்னொரு தரம் குனிவாள்.

"ஆளைக் கூப்பிடவோ கை தட்டுறீங்கள்?" என்று சத்தியபாமா ஒருநாள் கேட்டாள்.

"ஆம். நான் வந்திருக்கிறேன் என்று காமிக்குத் தெரிய வேண்டும்" என்றாள் நொபுகோ. காமி என்றால் அவர்களுடைய தெய்வம். சமயத்தின் பெயர் சின்தோ. சத்தியபாமா அதைப் புத்த சமயத்தின் ஒரு கிளை என்று தானாகவே தீர்மானித்து யோகாவுக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

அன்று ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து கைகளைச் சூடாக்கிக்கொண்டே சத்தியபாமாவின் கண் அலைந்தது. மேசையில் ஒரு காகிதப் பொதி, அரைவாசி பிரித்தபடி. உள்ளே நீளமான வெள்ளைத் துணி, மடித்து மடித்து வைத்திருந்தது. அடுத்தவர் வீட்டுப் பொதியைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஏற்கெனவே பிரித்திருந்ததே. எடுத்துப் பார்த்தாள், தடவியும் பார்த்தாள். நல்ல பருத்தி.

நொபுகோ தேத்தண்ணியோடு திரும்பினாள். "வெள்ளைச் சேலை. எங்கே போனீர்கள், சத்யா-சான்?"

"ஒரு செத்தவீடு. நேர அங்கயிருந்துதான் வாறன்."

நொபுகோ கோப்பையை வைத்தாள். துணியை அவள் கையிலிருந்து வாங்கினாள், பறித்தாள் என்றே சொல்லலாம். சத்தியபாமாவை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினாள். உப்புப் போத்தலோடு வந்தாள். மிச்சம்தான் யோகாவுக்குத் தெரியுமே.

அன்று பின்னேரமே கணேசலிங்கம் சுத்தியலும் ஆணியுமாக வேலிக்கு அனுப்பப்பட்டார்.

"நீ முழுகாமலோ அங்க போனனீ?" என்றார் ஆணியை வாயில் வைத்தபடி.

"அவையென்ன சைவமோ? அவைக்கு என்னப்பா துடக்கும் தீட்டும்?"

"அதை அவவிட்டக் கேட்டனியோ?"

"நீங்கள் பலகையை அடியுங்கோ."

செவ்வாய் முழுக்க டெலிபோன் ஓயவில்லை. சிட்னியில் அப்போது தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம், அத்தனை விரலுக்கும் விஷயம் போய்விட்டது. நாலு வருடம் கறி கொடுத்த கைக்கு உப்பு. தீண்டத்தகாதவளை விரட்டின மாதிரி விரட்டினாள். வெள்ளைக்காரன்கூட இப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் உப்பின் அளவு கூடியது. புதன்கிழமை மத்தியானம் அது ஒரு சாக்கைத் தொட்டிருந்தது.

வியாழன் காலை நொபுகோ வந்தாள். வேலிப் பக்கமாக அல்ல, தெருவால் நடந்து முன்வாசலுக்கு. மணி அடித்தாள். சத்தியபாமா கதவைத் திறந்து, மன்னிப்பை வாங்கிக்கொள்ளும் முகத்தோடு நின்றாள்.

நொபுகோ மன்னிப்புக் கேட்க வந்தவளாகத் தெரியவில்லை. அவளுடைய ஆங்கிலம் எப்போதுமே சிக்கனம். கோபத்தில் இன்னும் சுருங்கியிருந்தது.

"திங்கட்கிழமை குளிரில் வெளியே நின்றீர்கள். ஏன் என்று நேற்று உங்கள் கணவரைக் கேட்டேன். வீட்டுக்குள் தெய்வம் இருக்கிறது, குளிக்காமல் போகக் கூடாது என்றார்."

சத்தியபாமா வைத்திருந்த முகம் மெல்லக் கழன்றது.

"என் வீட்டுக்குள்ளும் தெய்வம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான்கு வருடமாகப் பார்க்கிறீர்கள். உங்கள் தெய்வத்துக்கு ஆகாது என்று என் தெய்வத்திடம் கொண்டு வந்தீர்கள். சாவிலிருந்து வந்தவர்களை எங்களுக்கு உப்புத்தான் சுத்தமாக்கும்."

"எனக்கு எப்பிடித் தெரியும் உங்களுக்கும்…"

"அந்தத் துணி ஜூனுக்கு."

ஜூன் நொபுகோவின் ஒரே மகள். கல்யாணம் முடித்து பரமட்டாவில் இருந்தாள். இரண்டு தரம் வயிற்றில் தங்கவில்லை என்பதும் சத்தியபாமாவுக்குத் தெரியும். இப்போது ஐந்தாம் மாதம் என்பதுதான் தெரியாது. தெருவில் யார் வீட்டுப் பூனை குட்டி போடப்போகிறது என்பதுவரை அறிந்த ஒருத்திக்கு இதைவிட அவமானம் வேறு வேண்டுமா.

"என் தங்கை யப்பானில் கோயிலில் வைத்து வாங்கி அனுப்பிய துணி. ஐந்தாம் மாதம் நாய் நாளில் வயிற்றில் கட்ட வேண்டும். நாய் சுலபமாகக் குட்டி போடும், அதனால். இன்றைக்கு நாய் நாள். கட்டவில்லை. சாவைத் தொட்ட கை தொட்டது. பன்னிரண்டு நாள் உப்போடு தெய்வத்துக்கு முன்னால் வைக்கிறேன். அடுத்த நாய் நாள் வரும்வரை ஜூன் துணி இல்லாமல் இருப்பாள்." தலையை ஒரு சாண் தாழ்த்தி மரியாதை செய்துவிட்டு நொபுகோ தெருவால் திரும்பி நடந்தாள்.

சத்தியபாமா கதவைச் சாத்திவிட்டு, இப்போது யார் மேல் கோபப்படுவது என்று தேடினாள். கிட்ட இருந்தவர் கணேசலிங்கம்.

"அவ கேட்டால் எல்லாத்தையும் சொல்லுறதோ? என்னட்டச் சொன்னனீங்களோ அவ கேட்டவ எண்டு?"

"நீ டெலிபோனில இருந்தனீ."

ஊரில் தன் தங்கை பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது, செத்தவீட்டுக்குப் போய்வந்த ஒருத்தி படலைக்குள் கால் வைத்ததற்கு, அவளைத் தெரு முழுக்கக் கேட்கப் பேசித் துரத்தியவள் சத்தியபாமாதான். அந்தப் பேச்சு ஒவ்வொரு சொல்லாக இப்போது நினைவு வந்தது. நல்ல பேச்சு. உப்புப் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு.

பன்னிரண்டு நாளும் பரமட்டாப் பக்கம் அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அவளுக்குக் கை ஓடவில்லை. யோகா டெலிபோன் எடுத்தால், "குசினியில வேலை" என்று வைத்தாள்.

அடுத்த நாய் நாளான செவ்வாய்க்கிழமை வந்தது. அவள் காலையிலேயே தலைக்கு முழுகி, ஈரத் தலையோடு கணேசலிங்கத்தின் சுத்தியலை எடுத்துப் போய் இரண்டு பலகையையும் தானே கழற்றினாள். ஒரு ஆணி வளைந்தது, ஒரு நகம் போனது. நொபுகோவின் குசினி வாசலுக்கு வெளியே நின்று இரண்டு தரம் கை தட்டினாள். ஆள் வந்திருப்பது தெரிய வேண்டுமே.

நொபுகோ வந்து கம்பிவலைக் கதவுக்கு உள்ளே நின்று ஈரத் தலையைப் பார்த்தாள்.

"முழுகிப்போட்டுத்தான் வந்தனான்" என்றாள் சத்தியபாமா. "எண்டாலும் உப்புப் போடுங்கோ."

"குளித்திருக்கிறீர்கள். தேவையில்லை."

"தேவையோ இல்லையோ, போடுங்கோ. பிறகு பிள்ளைக்கு ஏதும் எண்டால் நான் தாங்கமாட்டன்."

நொபுகோ போய் உப்பை எடுத்து வந்தாள். முன்னுக்கு ஒரு தரம். சத்தியபாமா சொல்லாமலே திரும்பி நின்றாள். பின்னுக்கு ஒரு தரம்.

உள்ளேயிருந்து ஜூனின் குரல் கேட்டது. "அம்மா, அவர் குளிரில் உறையப் போகிறார். உள்ளே விடுங்கள்."

நொபுகோ உப்புப் போத்தலை மூடினாள். பிறகு கேட்டாள். "உங்கள் இரண்டு பிள்ளையும் சுகப்பிரசவமா? சுலபமாகப் பெற்ற கைதான் இந்தத் துணியைப் பிடிக்க வேண்டும்."

"ரெண்டும் விடியமுன்னம் வயித்துநோ கண்டு விடியப் பிறந்ததுகள்."

கம்பிவலைக் கதவு திறந்தது. துணியின் ஒரு நுனியைச் சத்தியபாமாவின் கையில் கொடுத்தாள் நொபுகோ. மற்ற நுனி ஜூனின் வயிற்றைச் சுற்றத் தொடங்கியது. நீளமான துணி. சத்தியபாமா தன் நுனியைக் கடைசிச் சுற்றுவரை விடவில்லை.

அன்று பின்னேரம் யோகாவின் டெலிபோன் வந்தது. "என்னக்கா, வேலி திறந்திருக்காம். மன்னிப்புக் கேட்டாச்சோ?"

"கேட்காமலோ?" என்றாள் சத்தியபாமா, கூந்தலிலிருந்து உப்புக் கல்லொன்றை நகத்தால் எடுத்துப் பார்த்தபடி.

யார் யாரிடம் என்று யோகா கேட்கவில்லை. சத்தியபாமாவும் சொல்லவில்லை.