பெட்டிக்குள் இருந்த நிக்காஹ்

வஜீஹா ஒன்று சொன்னால் ஜவஹர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். பனகல் பார்க் பக்கத்துச் சந்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்தும் அவருக்குக் கேமரா தெரியும், கஸ்டமரைச் சமாளிக்கத் தெரியும்; கம்ப்யூட்டர் என்றால் எடிட்டர் வஜீஹாதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்கு ஹார்ட் டிஸ்க் போட்ட பெட்டி ஒன்றை வாங்க வைத்து, நான்கும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும்படி 'ரெய்டு' என்ற இணைப்பை அமைத்து, "ஒண்ணு செத்தாலும் மீதி மூணு காப்பாத்திடும் சார், தனியா காப்பியெல்லாம் வேணாம்" என்று சொன்னவளும் அவள்தான். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைச் சொன்ன வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.

ஆயுத பூஜை வந்தால் ஜவஹர் ஒரு மெஷினையும் விடமாட்டார். ஏ.சி.க்குக்கூடச் சந்தனம், குங்குமம் உண்டு. பெட்டியின் முகப்பில் வரிசையாக நான்கு குட்டி விளக்குகள் இருந்தால் அவர் கை சும்மா இருக்குமா? ஆளுக்கொரு பொட்டு. வஜீஹாதான் பெட்டியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் கத்தித் தொலைக்கிறதே என்று அதன் அலாரத்தையும் முன்பே நிறுத்தியிருந்தாள். ஆக, மூன்றாவது டிஸ்க் செத்து, அதன் விளக்கு சிவப்பாக எரிந்த சங்கதி காய்ந்த சந்தனத்துக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, எடிட்டிங்கில் படம் திக்கித் திக்கி ஓடியது. என்னவென்று பெட்டியின் நிலவரத்தைத் திரையில் திறந்து பார்த்தாள். மூன்றாவது டிஸ்க் போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. முதல் டிஸ்கிலும் பிழைகள் கூடிக்கொண்டே வந்தன.

"புதுசு போட்டா அதுவே சரியாயிடும்னு நீதானம்மா சொன்னே?" என்றார் ஜவஹர். "ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு எட்டு போய் வாங்கியாந்துடறேன்."

"வாங்கிட்டு வாங்க சார். ஆனா இப்ப உள்ள போடக்கூடாது. போட்டா மீதி மூணையும் ஒரு இடம் விடாம பத்து மணி நேரம் படிக்கும். முதல் டிஸ்க் தாங்காது. அது உயிரோட இருக்கறப்பவே உள்ள இருக்கறத வெளிய எடுத்துடணும்."

கஸ்டமருக்குக் கொடுக்காமல் பாக்கி நின்றது ஒரே கல்யாணம்: மயிலாப்பூர் சரோஜாதேவி அம்மாளின் மகளுடையது. பெட்டி இருக்கும் தைரியத்தில் கேமரா கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்கே அழித்தாகிவிட்டது. அதோடு ஜவஹருக்குத் தெரியாத இன்னொன்றும் உள்ளே இருந்தது. வஜீஹாவின் தங்கை ஸஹானாவின் நிக்காஹ். கேமராவைக் கேட்டு வாங்கிப் போனவள், படத்தை ஆபீஸ் பெட்டியில் போட்டு வைத்ததை மட்டும் சொல்லவில்லை.

அம்மி, அதாவது வஜீஹாவின் அம்மா, கேமராவைக் கண்டாலே முந்தானையை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுகிறவள். அவளுக்குப் போட்டோ என்று இருந்தது ஆதார் அட்டையில்தான். நிக்காஹ் அன்று மட்டும் சந்தோஷத்தில் எல்லாம் மறந்து, முழுசாக நான்கு நிமிஷம் கேமராவைப் பார்த்துச் சிரித்துப் பேசினாள். அடுத்த ரம்ஜானுக்கு அவள் இல்லை. அந்த நான்கு நிமிஷத்தைத் திறந்து பார்க்க வஜீஹாவுக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஜவஹர் டிஸ்க் வாங்கி வந்ததும் அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகினாள். கஸ்டமருடையதை இதற்கு மாற்ற நான்கு மணி நேரம் ஆகும். அவளுடையது நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம்தானே என்று மனசு கெஞ்சியது. அதற்குள் டிஸ்க் போய்விட்டால் அந்த அம்மாளுக்கு யார் பதில் சொல்வது? காப்பி வேண்டாம் என்றது தான்தானே. கஸ்டமருடையதையே முதலில் போட்டாள்.

மூன்றரை மணிக்கு அது முழுசாக வந்து சேர்ந்தது. ஜவஹர் இரண்டு டீ சொன்னார். வஜீஹா நிக்காஹைப் போட்டாள். ஆறாவது நிமிஷம் முதல் டிஸ்க் நின்றது. நான்கில் இரண்டு போனதும் பெட்டியே திறக்கவில்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தாள், கழற்றி மாட்டிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னா போச்சு?" என்றார் ஜவஹர் பதறி.

"எங்க வீட்டு வீடியோ சார்."

"அப்பாடா, நல்லவேளை!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

ஆமாம் சார் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அழுகை முந்திக்கொண்டது. "அதுல எங்க அம்மி இருந்தாங்க சார்."

ஜவஹர் டீயைக் கீழே வைத்தார். "சொல்லியிருக்கலாமேம்மா. முதல்ல அதப் போடுன்னு சொல்லியிருப்பேனே."

"சொல்லியிருப்பீங்க சார். அதனாலதான் சொல்லல."

ஆறு நிமிஷத்தில் வந்ததெல்லாம், யாரும் வருவதற்கு முன்னால் எடுத்த காலி மண்டபம். நாற்காலி, மேடை, பூச்சரம், மறுபடி நாற்காலி. ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நின்றாள். அதிலும் நாற்காலிகள்தான். கேமராவுக்குப் பின்னாலிருந்து, ஓரத்து ஃபேனைப் போடச் சொல்லி யாரையோ உருதுவில் அதட்டும் அம்மியின் குரல். பதினோரு விநாடி.

மறுபடி போட்டாள். ஜவஹருக்கு உருது தெரியாது. ஆனாலும் எழுந்து வந்து அவள் பின்னால் நின்று கேட்டார். பிறகு சாவிக்கொத்தில் தொங்கிய தன் பென் டிரைவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதுலயும் ஒண்ணு போட்டு வைம்மா."