மூன்றாவது முறை கேட்டபோது

என் தங்கை நாஸ்கோலின் ரத்த அணுக்களை எண்ணியது நான்தான்.

ஈரானில், எங்கள் அஹ்வாஸ் நகரத்தில், கல்யாணம் நிச்சயமானால் பெண்ணும் மாப்பிள்ளையும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாக வேண்டும். நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கே அவளும் வந்தாள். தலசீமியா இல்லை. அதோடு விட்டிருக்கலாம். சும்மா இருக்க முடியாமல் நுண்ணோக்கியில் பார்த்தேன். நூறு வெள்ளையணுக்களில் மூன்று, நான்கு இருக்க வேண்டிய ஈசினோபில்கள் பத்தொன்பது இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் மாதுளை முத்துகளைப் போலச் சிவப்பு மணிகள். குடற்புழுவைக் கொல்ல உடம்பு சேர்த்து வைத்திருக்கும் நஞ்சு அது. நாஸ்கோலுக்குப் புழு ஏது? தெரு மரத்தின் மகரந்தத்தைப் பகையென்று நம்பி, அவளுடைய நுரையீரலையே சுட்டுப் பொசுக்கக் காத்திருந்த முட்டாள் கூட்டம். படிவத்தில் தலசீமியாவுக்கு மட்டுமே கட்டம் இருந்தது. ‘இல்லை’ என்று எழுதிவிட்டுத் தகட்டைக் கழுவி வைத்தேன்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

“மூச்சு வாங்குற பொண்ணுன்னு தெரிஞ்சா அந்த கொவ்கப் ஹானும் நம்ம வாசப்படிய மிதிப்பாளா? வாய மூடிக்கிட்டு இரு, மஹின்,” என்றாள். கொவ்கப் ஹானும் என்றால் கொவ்கப் அம்மாள், மாப்பிள்ளையின் தாய்.

“ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கும்மா.”

“பாதிப் பேரா உன் தங்கச்சியக் கட்டிக்கப் போறாங்க?”

நாஸ்கோலோ ஆஸ்துமாவுக்காகத் தினமும் மூச்சில் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு மருந்தை ஒரு மாதமாக நிறுத்தியிருந்தாள். கல்யாணத்தன்று முகம் ஊதிவிடும் என்று அழகு நிலையத்தில் எவளோ ஓதியிருக்கிறாள். நான் கத்தியது எதுவும் எடுபடவில்லை.

கல்யாண நாள் காலை எட்டரைக்கு இடி இடித்து மழை வந்தது. ஏழு மாதம் வெயிலும் புழுதியும் தின்ற ஊருக்கு முதல் மழை. தெருவே மொட்டை மாடிக்கு ஓடியது. மருதாணிக் கையை நீட்டிக்கொண்டு அவளும் ஓடினாள். இடிமழையில் மகரந்தம் தூள்தூளாக உடையும், மூச்சோடு ஆழத்துக்குப் போகும். வருடாவருடம் முதல் மழைக்கு எங்கள் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிவது அதனால்தான் என்கிறார்கள். பத்து நிமிடத்தில் நாஸ்கோல் சுவரைப் பிடித்துக்கொண்டு விசிலடிக்கிற மாதிரி மூச்சு விட்டாள். மூச்சைத் திறக்கும் மருந்துள்ள நீலக் குழாயை அவள் வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்தினேன். அரை மணியில் சிரித்தாள்.

“பாத்தியா, போயிடுச்சு,” என்றாள் அம்மா.

போகவில்லை. மூச்சுக்குழாயில் காவலிருக்கும் மாஸ்ட் அணுக்கள் வெடித்தது முதல் ரகளை மட்டுமே. வெடிக்கும்போதே அவை ரத்தத்திலிருந்து மற்றவர்களைக் கூப்பிடும். அந்த ஈசினோபில்கள் வந்து சேர ஆறு மணி நேரம் ஆகலாம், எட்டும் ஆகலாம். நிக்காஹ் மூன்று மணிக்கு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாக அந்த நேரம்.

“ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஊசி போட்டுட்டு வந்துரலாம்.”

“இன்னைக்கு ஊரே அங்கதான் கெடக்கும். மாப்ள வீட்டாளுங்க கண்ணுல பட்டா?” என்றாள் அம்மா.

“அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ இப்படி முழிக்காத, அதான் பயமா இருக்கு,” என்றாள் நாஸ்கோல்.

நான் அடங்கிப்போனேன். அதற்காக இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை. நீலக் குழாயை அவளுடைய கைப்பையில் மட்டும் போட்டுவைத்தேன்.

மூன்று மணிக்குக் கண்ணாடிக்கும் மெழுகுவத்திகளுக்கும் முன்னால் முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டு அவளை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் மாப்பிள்ளை கியூமர்ஸ். தலைக்கு மேல் வெள்ளைத் துணியைப் பிடித்து, இல்லறம் இனிக்கட்டும் என்று பெண்கள் சர்க்கரைக் கட்டிகளை உரசினார்கள். மாப்பிள்ளையின் அத்தை திருஷ்டி கழிக்க இஸ்பந்து விதைகளைத் தணலில் போட்டுப் புகையை அவள் முகத்தைச் சுற்றிக் காட்டினாள். தட்டைத் தள்ளிவிட்டேன், முறைத்தாள். மாமியார் கொவ்கப் ஹானும் ஜன்னலோரம் சால்வையால் மூக்கைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுக் காற்றுகூட ஆகாதாக்கும் என்று பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் இருந்து மௌலவி சம்மதம் கேட்டார். பெண் உடனே பதில் சொல்லக்கூடாது, மூன்றாவது முறைதான் சம்மதம் சொல்வது வழக்கம்.

“பொண்ணு பூப் பறிக்கப் போயிருக்கா,” என்று பெண்கள் பாடினார்கள். முக்காட்டுக்குள் விசில் தொடங்கியிருந்தது. எனக்கு மட்டும்தான் கேட்டது.

இரண்டாவது முறை கேட்டார்.

“பன்னீர் கொண்டாரப் போயிருக்கா.”

விசில் நின்றது. அம்மா என் காதருகே, “நின்னுடுச்சு பாரு,” என்றாள்.

விசில் வருகிறதென்றால் காற்று போகிறது. சத்தமே இல்லையென்றால் காற்றும் இல்லை.

மூன்றாவது முறை கேட்டார். எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நாஸ்கோல் பேசவில்லை.

“மாமியா நகை போட்டாத்தான் வாய் தெறக்கும்,” என்று ஒருத்தி சொல்ல, கூடமே சிரித்தது. கொவ்கப் ஹானும் எழுந்து வந்து மருதாணிக் கையில் தங்க வளையலைப் போட்டாள். அப்போதும் பேச்சில்லை.

“ரொம்பத்தான் பிகு பண்றா,” என்றாள் அத்தை.

கைப்பையைத் திறந்தேன். குழாய் இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

முக்காட்டைத் தூக்கினேன். சாயத்தையும் மீறி உதடு சாம்பல் நீலமாக இருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

“இவளுக்கு ஆஸ்துமா. உங்ககிட்ட மறைச்சுட்டோம். ரத்தத்துல பாத்துட்டு நானும்தான் மறைச்சேன்.”

யார் கையிலிருந்தோ சர்க்கரைக் கட்டி விழுந்தது. கொவ்கப் ஹானும் என்னைப் பார்த்தபடியே தன் பையைத் திறந்தாள். அவள் கையில் அதே மாதிரி இன்னொரு நீலக் குழாய்.

“தள்ளுடி. முப்பது வருஷமா எனக்கு இருக்கறது என் புருஷனுக்கே தெரியாது, நீ என்னத்த மறைச்ச?”

நாஸ்கோலின் வாயில் வைத்து அழுத்தினாள். இரண்டு, மூன்று, ஐந்து. “கியூமர்ஸ், வண்டிய எடு.”

மெல்லிசாக, நூல் மாதிரி, அந்த விசில் திரும்பி வந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

வாசலில் ஒன்றும் புரியாத மௌலவி மறுபடி கேட்டார்.

“பொண்ணு மூச்சு எடுக்கப் போயிருக்கா. வந்து சொல்லுவா,” என்றாள் கொவ்கப் ஹானும்.

முற்றத்துக்கு வந்தபோது மறுபடி தூறல் போட்டது. கொவ்கப் ஹானும் ஒரே சால்வையால் மருமகள் மூக்கையும் தன் மூக்கையும் சேர்த்து மூடிக்கொண்டு காரில் ஏறினாள். நானும் ஏறினேன். ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். பாலம் முழுக்க வண்டிகள் நின்றன, எல்லாம் அதே திசைக்கு. நாஸ்கோலின் விசில் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. கொவ்கப் ஹானும் குழாயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நானும் குலுக்கினேன், உள்ளே மருந்து அசையவில்லை.